கூப்பிட்ட குரலுக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

(வணிகக் கப்பல்களில் 24 ஆண்டுகள் ரேடியோ ஆபீசராக வேலை பார்த்துவிட்டு இப்போது தூத்துக்குடியில் இருக்கும் நம் பத்தியாளர், கடல் பற்றிய கேள்விகளுக்கு மாதந்தோறும் பதில் எழுதுகிறார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை.)

கேள்வி: 2023 ஜூனில் டைட்டானிக் கப்பலைப் பார்க்க ஆழ்கடலுக்குள் இறங்கிய 'டைட்டன்' நீர்மூழ்கியைத் தேட, நாடுகள் விமானமும் கப்பலும் அனுப்பின. அத்தனையும் பொதுமக்கள் பணம். தலைக்கு இரண்டரை லட்சம் டாலர் கொடுத்து, செத்தாலும் கேட்க மாட்டோம் என்று கையெழுத்தும் போட்டு, விரும்பிப் போனவர்களை எதற்கு ஐயா தேட வேண்டும்? 'மீட்க வர மாட்டோம்' என்று முதலிலேயே எழுதி வாங்கிவிட்டால் என்ன?
- ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, திருச்சி

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது ஐயா. எனக்கும் ஒரு காலத்தில் இதே கோபம் இருந்தது. அது எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

அந்தக் காலத்துக் கப்பல் ரேடியோ அறையில் ஒரு கடிகாரம் மாட்டியிருக்கும். அதன் முகத்தில் நான்கு இடங்களில் வண்ணம் பூசியிருப்பார்கள். 15 முதல் 18 நிமிடம் வரையும் 45 முதல் 48 வரையும் சிவப்பு. மணி அடித்த முதல் மூன்று நிமிடமும், அரை மணி அடித்த முதல் மூன்று நிமிடமும் பச்சை. சிவப்பு, 500 கிலோஹெர்ட்ஸில் மோர்ஸ் என்ற புள்ளி-கோடு தந்தி தட்டுகிறவர்களுக்கு. பச்சை, 2182 கிலோஹெர்ட்ஸில் வாயால் பேசுகிறவர்களுக்கு. முள் அந்த வண்ணத்துக்குள் இருக்கும்வரை உலகத்தில் எந்தக் கப்பலும் அந்த அலைவரிசையில் வாய் திறக்கக் கூடாது, கேட்க மட்டும்தான் வேண்டும். பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் ஒரு சின்ன செட்டில் இருந்து யாராவது கூப்பிட்டால், மற்றவர்கள் பேச்சில் அந்தக் குரல் அமுங்கிப் போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

1987 ஜூன் கடைசி. அரபிக் கடலில் சொக்கோத்ரா தீவுக்குக் கிழக்கே வந்துகொண்டிருந்தோம். தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் இருந்தது. தோணிக்காரர்களே தோணியைக் கரையேற்றி வைத்துவிடும் மாதம் அது. ராத்திரி எட்டரை தாண்டி, பச்சைக்குள் முள் இருக்கும்போது 'மேடே' (உயிருக்கு ஆபத்து, உதவி) என்று ஒரு குரல் கேட்டது. பாய்மரப் படகு, ஒரே ஆள், மரம் முறிந்துவிட்டது, உள்ளே தண்ணீர். எங்களுக்கும் அவருக்கும் நடுவே 80 கடல் மைல்.

கேப்டனிடம் ஓடினேன். அவர் கேட்டது மூன்று கேள்வி: எந்த இடம், எத்தனை பேர், படகு இன்னும் மிதக்கிறதா. ஆள் யார், இந்த மாதத்தில் இங்கே அவருக்கு என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. எனக்குத்தான் மனதுக்குள் அந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. கப்பலைத் திருப்பினார். எதிர் அலையில் தட்டுத்தடுமாறி, மறுநாள் விடிகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அறுபது வயது ஐரோப்பியர். ஏணியில் ஏறத் தெம்பில்லாமல், சரக்கு வலையில் போட்டுத்தான் மேலே தூக்கினோம். கப்பல் சமையல்காரரான பண்டாரி கஞ்சி வைத்துக் கொடுத்தார். மனிதர் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார்.

அன்று சாயங்காலம் அவரிடம் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன், ஏன் இந்த மாதத்தில் வந்தீர்கள் என்று. அதற்கு அவரிடம் பதில் இல்லை. ஆனால் வேறொன்று சொன்னார். மரம் முறிந்தது முந்தைய நாள் மத்தியானம். அன்று மாலையே தூரத்தில் ஒரு கப்பல் விளக்கு தெரிந்திருக்கிறது. கூப்பிடவில்லை. கூப்பிட்டால் படகை எடுத்துக்கொள்வார்கள், ஆயுள் முழுக்கக் கட்டினாலும் தீராத பில் வரும் என்று பயந்திருக்கிறார். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஓட்டியிருக்கிறார். பேட்டரி சாகப்போகிற நேரத்தில்தான் எங்களைக் கூப்பிட்டார்.

இத்தனைக்கும் அவர் பயம் பாதிதான் சரி. 1910-இல் பிரசல்ஸில் போட்ட கடல் மீட்பு உடன்படிக்கையே, உயிர் பிழைத்தவரிடம் அதற்காகக் கூலி கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. படகையோ சரக்கையோ மீட்டுக் கொடுத்தால் கேட்கலாம், ஆளை மீட்டதற்குக் கேட்க முடியாது. 1989-இல் லண்டனில் போட்ட புது உடன்படிக்கையும் அதையே வைத்துக்கொண்டது. உயிரைக் காப்பாற்றக் கப்பல் பாதை மாறினால் அது சரக்கு ஒப்பந்தத்தை மீறியதாகவும் ஆகாது. திரும்பியதில் செலவான எண்ணெய்க்குக் கப்பல் முதலாளிகளின் பரஸ்பரக் காப்பீட்டுக் கழகம் இருக்கிறது. யார் செலவு என்ற கேள்விக்குக் கடல் வியாபாரிகள் எப்போதோ பதில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நீங்கள் சொல்கிற மாதிரி எழுதி வாங்கினால் என்ன நடக்கும்? முதலில் தயக்கம் வரும். தயங்கினால் கூப்பிடுவது தாமதமாகும். தாமதமானால் தேட வேண்டிய கடல் பரப்பு மணிக்கு மணி பெருகும், செலவும் பெருகும். டைட்டனிலேயே பாருங்கள், ஜூன் 18 காலையில் இறங்கி சுமார் ஒன்றரை மணி நேரத்தில் தொடர்பு அறுந்தது. அமெரிக்கக் கடலோரக் காவல் படைக்குத் தகவல் போனது அதிலிருந்து சுமார் 8 மணி நேரம் கழித்து. அந்த 8 மணி நேரத்தைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நீர்மூழ்கி அதற்குள் நசுங்கியிருந்தது, அதனால் அவர்கள் விஷயத்தில் அது எதையும் மாற்றியிருக்காது என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் அது யாருக்குத் தெரியும்?

இன்னொன்று. கூப்பிடுகிற குரலை எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்ற எண்ணம் சட்டமாக உருப்பெற்றதே டைட்டானிக்கால்தான். 1912 ஏப்ரலில் அது மூழ்கிக்கொண்டிருந்த ராத்திரி, பக்கத்தில் இருந்த 'கலிஃபோர்னியன்' கப்பலில் ஒரே ஒரு ரேடியோக்காரர். அவர் வேலை முடித்துப் படுத்துவிட்டார். 1914-இல் 13 நாடுகள் லண்டனில் கூடி, கப்பல்களில் இரவும் பகலும் ரேடியோவில் காது வைத்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள். என் உத்தியோகமே அந்த எழுத்தில் இருந்து வந்ததுதான். 1979-இல் ஹாம்பர்க்கில் போட்ட தேடல் மீட்பு உடன்படிக்கை, ஆபத்தில் இருப்பவரின் நாடு, அந்தஸ்து, அவர் அதில் சிக்கிய சூழ்நிலை எதையும் பாராமல் உதவ வேண்டும் என்கிறது. 'சூழ்நிலை' என்ற சொல்லை நான் கவனித்துப் படித்தேன். முட்டாள்தனமும் ஒரு சூழ்நிலைதான்.

உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். மீட்கப் போகிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளை. தன் கப்பலுக்கும் ஆட்களுக்கும் பெரிய ஆபத்து என்றால் கேப்டன் போக வேண்டியதில்லை என்று 1982-ஆம் ஆண்டுக் கடல் சட்டமே சொல்கிறது. அந்த ராத்திரி எங்கள் கேப்டன் போக முடியாது என்று சொல்லியிருந்தால் நான் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

கேள்வி: என் மூத்த அண்ணன் 2017 ஒக்கிப் புயலில் திரும்பி வரவில்லை. கரையில் நின்று நாங்கள் கதறியது யாருக்கும் கேட்கவில்லை. டைட்டனில் ஐந்து பணக்காரர்கள் என்றதும் உலகமே கடலில் இறங்கியது. இதை எப்படித் தாங்குவது ஐயா?
- வாசகி, வள்ளவிளை

பதில்: மகளே, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன்.

அந்த டிசம்பரில் நான் உங்கள் பக்கம் வந்தேன். ஒரு கோயில் வளாகத்தில் பையன்கள் நோட்டில் போட் பெயர், பதிவெண், எத்தனை பேர், கடைசியாகப் பேசிய நாள் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக எந்த இடத்தில் இருந்தார்கள் என்ற கட்டம் பெரும்பாலும் காலியாக இருந்தது. 'மேற்கே', 'தூரத்தில்' என்று சில இடங்களில் எழுதியிருந்தது. தங்கல் தொழிலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில், நூற்றுக்கணக்கான கடல் மைல் தள்ளித் தூண்டில் போடுகிறவர்கள். நவம்பர் 30 அன்று புயல் அடித்தபோது, எச்சரிக்கையைக் கொண்டுபோய்ச் சேர்க்க அவர்களிடம் கருவி இல்லை. போட்டில் இருக்கும் வி.எச்.எஃப். என்ற குறுந்தூர ரேடியோ செட் இருபது முப்பது கடல் மைலுக்கு மேல் எட்டாது. என் வாழ்க்கை முழுவதும் செய்த வேலை, கூப்பிடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவே ஒரு கம்பி இழுப்பது. அந்தக் காலிக் கட்டங்களைப் பார்த்தபோது அவமானமாக இருந்தது.

உங்கள் ஊர் ஆட்கள் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் போட் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், தேடப் போகிற கப்பலில் எங்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். அது முதல் நாளே நடந்திருக்க வேண்டும். குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்த பிறகு கேட்க வேண்டிய விஷயமா அது? காற்றையும் நீரோட்டத்தையும் கணக்குப் போட்டு ஒரு போட் எங்கே நகர்ந்திருக்கும் என்று சொல்வதில், முப்பது வருடம் அந்தக் கடலில் கிடந்தவரின் வாய்ச்சொல் எந்தக் கம்ப்யூட்டருக்கும் குறைந்ததல்ல.

அதே 2023 ஜூனில், டைட்டனுக்கு நான்கு நாள் முன்னால், லிபியாவின் தோப்ருக்கில் இருந்து கிளம்பிய ஒரு பழைய மீன்பிடிப் படகு கிரேக்கத்தின் பைலோஸ் பக்கத்தில் மூழ்கியது. அதில் சுமார் 750 பேர் இருந்தார்கள் என்று கணக்கு. பிழைத்தவர்கள் 104, கிடைத்த உடல்கள் 82. முந்தைய நாளே விமானத்தில் இருந்து அந்தப் படகைப் பார்த்திருக்கிறார்கள். இடம் தெரியும், ஆள் தெரியும், மேல்தளம் முழுக்க நெருக்கியடித்துக்கொண்டு நின்ற தலைகள் தெரியும். அதைப் படித்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. உங்கள் கோபம் அந்தக் கணக்கில் இருந்து வருகிறது என்றால் அது முழுக்க நியாயம்.

ஆனால் மகளே, அந்த ஐந்து பேரைத் தேடியது தப்பு என்று மட்டும் சொல்ல மாட்டேன். அவர்களுக்குச் செய்தது சரியான அளவு. உங்கள் அண்ணனுக்குச் செய்தது பற்றாத அளவு. நாம் சண்டை போட வேண்டியது அந்தப் பற்றாக்குறையோடு. அதுவும் இங்கே நியாயம் இரட்டிப்பு. உங்கள் அண்ணன் சாகசத்துக்குப் போகவில்லை, நம் எல்லோர் வீட்டுக் குழம்புச் சட்டிக்காகப் போனார். தொழிலுக்காக ஆழ்கடலுக்குப் போகிறவருக்குக் கருவியும் எச்சரிக்கையும் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, அவர் கிளம்புவதற்கு முன்பே அரசுக்கு இருக்கும் கடமை.

கேள்வி: டைட்டானிக் கிடக்கும் ஆழத்தில் மாட்டிக்கொண்டால் உண்மையிலேயே மீட்க முடியுமா?
- கல்லூரி மாணவர், மதுரை

பதில்: நல்ல கேள்வி தம்பி. இதை யாரும் டிக்கெட் வாங்கும் முன் கேட்பதில்லை. இன்றைய நிலையில், 'முடியாது' என்பதற்கு மிகப் பக்கத்தில்தான் பதில் இருக்கிறது.

1973-இல் அயர்லாந்துக்குத் தென்மேற்கே 'பைசஸ் 3' என்ற சின்ன நீர்மூழ்கி 480 மீட்டர் ஆழத்தில் விழுந்துவிட்டது. உள்ளே இருந்த இரண்டு பேரும் அட்லாண்டிக் தொலைபேசிக் கேபிள் வேலைக்குப் போனவர்கள். 76 மணி நேரம் கழித்து, காற்று தீரும் தறுவாயில், அதே ரகத்தைச் சேர்ந்த வேறு நீர்மூழ்கிகளும் அமெரிக்காவில் இருந்து வந்த ஒரு ஆளில்லாக் கருவியும் சேர்ந்து கயிறு கட்டித் தூக்கினார்கள். அது 480 மீட்டர். நம் கடற்படை வாங்கி வைத்திருக்கும் ஆழ்நீர் மீட்பு வாகனம் 650 மீட்டர் வரை இறங்கும். டைட்டானிக் கிடப்பது சுமார் 3,800 மீட்டரில். அங்கே போய் ஆட்களை மாற்றி ஏற்றிக்கொண்டு வர யாரிடமும் எதுவும் இல்லை. டைட்டன் தேடலில் ஒடிசியஸ் என்ற ஆளில்லாக் கருவியை அமெரிக்காவில் இருந்து ராணுவ விமானத்தில் கனடாவின் செயின்ட் ஜான்ஸுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கப்பலில் ஏற்றி, ஜூன் 22 காலையில்தான் அடிமட்டத்தைத் தொட முடிந்தது. டைட்டானிக்கின் முன்பாகத்தில் இருந்து சுமார் 500 மீட்டரில் உடைந்த துண்டுகள் கிடந்தன. உள்ளே 96 மணி நேரத்துக்குக் காற்று இருக்கும் என்று உலகமே மணி எண்ணிக்கொண்டிருந்தது. ஆனால் ஆட்கள் உட்கார்ந்திருந்த நீர்மூழ்கியின் ஓடு முதல் நாளே நசுங்கிவிட்டது.

ரஷ்யர்களின் 'மிர்' நீர்மூழ்கிகள் இரண்டு டைட்டானிக்குக்குப் பலமுறை போய் வந்தவை. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இறங்கும். ஒன்று சிக்கினால் இன்னொன்று பக்கத்தில் இருக்கும். சங்கு குளிக்கிறவர் மேலே கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் இறங்க மாட்டார் அல்லவா, அந்த மாதிரி. டைட்டனுக்கு அந்தக் கயிறு இல்லை.

கேள்வி: சரி, மாட்டிக்கொண்டவரிடம் பில் கேட்கக் கூடாது என்கிறீர்கள். அப்படியானால் யார்தான் கொடுப்பது? வரி கட்டுகிற நாங்களா?
- வாசகர், சென்னை

பதில்: டிக்கெட் விற்றவர் கொடுக்க வேண்டும். அதுவும் முன்கூட்டியே.

நான் வேறுபடுத்திப் பார்ப்பது இதை: தண்ணீரில் இருப்பவர் ஒரு ஆள், அவரைக் காசு வாங்கி அனுப்பியவர் வேறு ஆள். டைட்டனை நடத்திய ஓஷன்கேட் நிறுவனத்தின் கடல் பிரிவு இயக்குநரே ஓட்டின் பாதுகாப்பு பற்றி 2018-இல் எச்சரித்தார். வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அதே ஆண்டு ஆழ்கடல் துறையைச் சேர்ந்த முப்பதுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து, தரச் சான்றிதழ் வாங்குங்கள் என்று கடிதம் எழுதினார்கள். வாங்கவில்லை. எந்த நாட்டிலும் பதிவு செய்யவில்லை. காசு கொடுத்து வந்தவர்களைப் 'பயணி' என்று சொன்னால் பயணிக் கப்பல் சட்டம் பாயும் என்று 'மிஷன் ஸ்பெஷலிஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். இது தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று 2025 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் விசாரணை அறிக்கை சொல்லிவிட்டது. நிறுவனத் தலைவரும் அந்த ஓட்டுக்குள்தான் இருந்தார், அவரை மேற்கொண்டு வைய எனக்கு மனம் இல்லை. ஆனால் உள்ளே ஒரு 19 வயதுப் பையன் தன் அப்பாவோடு உட்கார்ந்திருந்தான். அவன் எந்தத் தாளில் என்ன கையெழுத்துப் போட்டிருந்தாலும், அவனுக்காகச் சான்றிதழ் கேட்டிருக்க வேண்டியது பெரியவர்கள், சட்டம், துறைமுகம்.

ஆகவே என் யோசனை எளிது. காசு வாங்கி ஆளை ஆழ்கடலுக்கு இறக்குகிற யாராக இருந்தாலும் தரச் சான்றிதழ், அந்த ஆழத்துக்குப் போகக்கூடிய ஒரு தேடல் கருவி, தேடல் செலவுக்கான காப்பீடு, தொடர்பு அறுந்தால் எத்தனை நிமிடத்துக்குள் அரசுக்குச் சொல்வோம் என்ற எழுத்து, இவ்வளவும் இல்லாமல் தாய்க்கப்பல் துறைமுகத்தை விட்டு நகரக் கூடாது. நடுக்கடலுக்குச் சட்டம் எட்டாது என்பார்கள். தாய்க்கப்பல் ஒரு துறைமுகத்தில் இருந்துதானே கிளம்புகிறது!

தனியாகப் பாய்மரத்தில் போகிறவர்கள் கதை வேறு. 1997 ஜனவரியில் கவிழ்ந்த படகுக்குள் நாள்கணக்கில் கிடந்த டோனி புல்லிமோர் என்ற ஆங்கிலேயரை ஆஸ்திரேலியக் கடற்படைக் கப்பல் 'அடிலெய்ட்' சுமார் 2,500 கிலோமீட்டர் போய் மீட்டது. அங்கேயும் உங்களைப் போலத்தான் கேட்டார்கள், யார் வீட்டுப் பணம் என்று. 2018 செப்டம்பரில் நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, தனியாளாக உலகைச் சுற்றும் பாய்மரப் போட்டியில், தெற்கு இந்தியப் பெருங்கடலில் முதுகெலும்பு அடிபட்டு அசையாமல் கிடந்தார். ஆஸ்திரேலியா ஒருங்கிணைத்தது, மொரீஷியஸில் இருந்து நம் கடற்படை விமானம் பறந்து கண்டுபிடித்தது, பிரான்ஸின் மீன்வளக் காவல் கப்பல் 'ஒசிரிஸ்' போய்த் தூக்கியது. அதே போட்டியில் இருந்த அயர்லாந்துக்காரர் ஒருவர், தன் படகிலும் மரம் முறிந்த நிலையில், ஒட்டுப்போட்ட பாயோடு இவரை நோக்கி வந்துகொண்டிருந்தார். அன்று நாம் யாரும் 'எதற்கு இந்தச் செலவு' என்று கேட்கவில்லை, ஆள் வந்து சேர வேண்டுமே என்று வேண்டிக்கொண்டோம். அப்புறம் 2023-இல் அதே போட்டியின் அடுத்த சுற்றில் அபிலாஷ் இரண்டாவதாக வந்தார். இன்று நாம் ஒரு பிரெஞ்சுக்காரரைத் தூக்குகிறோம், நாளை அவர்கள் நம் ஆளைத் தூக்குகிறார்கள். இந்த மொய்க் கணக்கை ரூபாயில் தீர்க்க முடியாது.

கேள்வி: நம் 'மத்ஸ்யா 6000' நீர்மூழ்கியில் மூன்று பேரை 6,000 மீட்டருக்கு அனுப்பப்போகிறார்களாமே. பயமில்லையா?
- ஆசிரியை, கும்பகோணம்

பதில்: பயம் இருக்கத்தான் செய்யும் அம்மா. ஆனால் சென்னை தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் செய்வது சுற்றுலா அல்ல, ஆராய்ச்சி. ஆட்கள் உட்காரும் கோளம் டைட்டானியத்தில், 2.1 மீட்டர் விட்டம், 80 மில்லிமீட்டர் தடிமன். வெளியில் இருந்து வந்து சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற அமைப்பையும் உள்ளே விட்டிருக்கிறார்கள். டைட்டன் தாண்டிக் குதித்த படி இதுதான். எத்தனை ஆண்டு தாமதமானாலும் பத்திரிகைகள் அவர்களை அவசரப்படுத்தாமல் இருந்தால் நல்லது.

கேள்வி: ஆழ்கடலில் எஞ்சின் நின்றால் கோஸ்ட் கார்டைக் கூப்பிட யோசனையாக இருக்கிறது. செலவு நம் தலையில் விழும் என்கிறார்களே?
- போட் உரிமையாளர், தேங்காப்பட்டணம்

பதில்: யார் சொன்னது தம்பி? ஆளைக் காப்பாற்றியதற்குப் பில் போடும் வழக்கம் நம் கடலோரக் காவல் படைக்குக் கிடையாது. இந்தப் பேச்சை உங்கள் துறையில் யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள், 1987-இல் ஒரு மனிதரை ஒரு ராத்திரியும் ஒரு பகலும் வாய் மூட வைத்தது இதே பேச்சுதான். கரையில் இருந்து போன் எடுத்தால் 1554. கடலில் வி.எச்.எஃப். சேனல் 16. டி.ஏ.டி. என்கிற அபாய அறிவிப்புக் கருவி போட்டில் இருந்தால், அதன் பட்டனை அமுக்கினால் செயற்கைக்கோள் வழியாகத் தகவல் போகும். புது ரகத்தில், உங்கள் தகவல் கிடைத்துவிட்டது என்று பதிலும் திரும்பி வரும். கூப்பிட்டது காதில் விழுந்தது என்று தெரிவது எவ்வளவு பெரிய தெம்பு என்று, மறுமுனையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும்.

கிளம்பும் முன் போட்டில் யார் யார், எந்தப் பக்கம் போகிறீர்கள், எந்த நாள் திரும்புவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரம்மாவிடமும் கோயிலிலும் ஒவ்வொன்று கொடுங்கள். எஞ்சின் நின்றால் முதலில் நீங்களே பாருங்கள், சரிதான். ஆனால் அரை மணிக்குள் பிடிபடவில்லை என்றால், பேட்டரி முழுசாக இருக்கும்போதே கூப்பிட்டுவிடுங்கள். அப்புறம் எஞ்சின் ஓடிவிட்டால், சரியாகிவிட்டது என்று இன்னொரு தடவை கூப்பிட்டுச் சொல்லுங்கள். அதற்காக யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள்.